துருவுக்கும் கடுக்காய் கொடுக்கலாம்! கண்ணமங்கலம் மலையடிவாரமும் தாத்தாவின் சைக்கிளும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பேருந்தில் வலது பக்க ஜன்னலோரம் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். கணியம்பாடியைத் தாண்டியதும், அதுவரை தூரத்தில் நீலக்கோடாகத் தெரிந்த ஜவ்வாது மலை மெல்ல மெல்லப் பச்சையாகி, பக்கத்தில் வந்து நிற்கும். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் வருகிறது கண்ணமங்கலம். திருவண்ணாமலை மாவட்டம், ஆரணி வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. காட்பாடி - விழுப்புரம் ரயில் பாதையில் இந்த ஊருக்கு ஒரு ஸ்டேஷனும் உண்டு.

பெரிய சுற்றுலாத்தலம் என்று இந்த ஊரைச் சொல்ல முடியாது. ஆனால் பல இடங்களுக்கு இதுதான் வாசல். ஆடி மாதமானால் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிற கூட்டம் இந்தச் சாலையில்தான் போகும். அமிர்தி காட்டுக்கும் சிறு உயிரியல் பூங்காவுக்கும் போகிறவர்கள் இந்த வட்டாரத்தில்தான் திரும்ப வேண்டும். ஆரணிப் பட்டு நெசவு ஊர்களும் இங்கிருந்து பக்கம். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் நாகநதி ஊரை ஒட்டி ஓடுகிறது. மழைக்காலத்தில் தண்ணீர், மற்ற மாதங்களில் மணல்.

இப்படி நாலா பக்கமும் கிராமங்கள் சூழ்ந்த ஒரு கடைவீதி ஊர், அரை நூற்றாண்டுக்கு மேல் எதில் ஓடியது? சைக்கிளில்தான். பால்கேன், புல்லுக்கட்டு, உர மூட்டை, பட்டு நூல், பள்ளிக்கூடப் பை எல்லாமே கேரியரில்தான் வந்து போயின. பக்கத்திலிருக்கும் கம்மவான்பேட்டை, வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருப்பார் என்று பெயர் வாங்கிய ஊர். எல்லையிலிருந்து வந்த கடிதமும் மணியார்டரும் தபால்காரரின் சைக்கிள் மணியோடுதான் வீட்டு வாசலை எட்டின.

இன்று அந்த வேலைகளையெல்லாம் டூவீலரும் ஷேர் ஆட்டோவும் எடுத்துக்கொண்டன. ஆனாலும் மலையடிவாரக் கிராமங்களில் மாட்டுக்கொட்டகைச் சுவரோரமோ, கிணற்றடி மோட்டார் கொட்டகையிலோ, ஒரு பழைய சைக்கிள் சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம். 28 அங்குலச் சக்கரம், ராடு பிரேக், தோல் சீட், பின்னால் பெரிய இரும்பு கேரியர். மேலே பழுப்பேறிய துரு. கதை அந்தத் துருவைப் பற்றியதுதான்.

காயலான் கடையா, புது பெயின்டா?

இப்படிப்பட்ட சைக்கிளுக்குப் பொதுவாக இரண்டு முடிவுகள்தான் வரும். ஒன்று, பழைய இரும்பு எடுக்க வருகிறவர் தராசில் தொங்கவிட்டு, கிலோ கணக்கில் காசு கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இன்னொன்று, வெளியூரில் வேலை பார்க்கும் பேரன் பொங்கலுக்கு வரும்போது, “தாத்தா சைக்கிளைப் புதுசாக்கிடலாம்” என்று ஆசைப்படுவான். உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியும்வரை சுரண்டி, பளபளவென்று கறுப்பு எனாமல் அடித்து, கடையில் விற்கும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள்.

முதல் முடிவில் சைக்கிள் போய்விடுகிறது. இரண்டாவது முடிவில் சைக்கிள் இருக்கிறது. ஆனால் தாத்தா போய்விடுகிறார்.

இது மிகையில்லை. ஒரு பழைய சைக்கிளை நின்று நிதானமாகப் பார்த்தால் புரியும். ஹேண்டில்பாரில் கை பிடித்த இடத்தில் முலாம் தேய்ந்திருக்கும். முன்பாரில் குழந்தையை உட்கார வைத்துப் போன இடத்தில் பெயின்ட் வழுவழுப்பாக மெலிந்திருக்கும். கேரியரின் ஒரு பக்கம் பால்கேன் தொங்கித் தொங்கிச் சற்றே கீழிறங்கி இருக்கும். செயின் கவரில் உரிமையாளரின் பெயரையும் ஊரையும் பெயின்டர் கையால் எழுதியது மங்கலாகத் தெரியும். சில சைக்கிள்களில், ஒருகாலத்தில் உள்ளாட்சி அமைப்புக்கு வரி கட்டி வாங்கிய சைக்கிள் லைசென்ஸ் வில்லைகூட இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

முன்பக்கக் குழாயில் இருக்கும் கம்பெனிச் சின்னம் இன்னொரு வரலாறு. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்த ராலே, பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் ஆகியவை முதலில் கப்பலில் வந்தன. பிறகு நம் நாட்டிலேயே ஆலைகள் எழுந்தன. சென்னை அம்பத்தூரில் முருகப்பா குழுமத்தின் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கப்பட்டது. ஹரியானாவின் சோனிபட்டில் 1951-ல் அட்லஸ், லூதியானாவில் 1956-ல் ஹீரோ என்று வரிசையாக வந்தன. அட்லஸ் நிறுவனம் சாகிபாபாத்தில் இருந்த தன் கடைசி ஆலையையும் 2020 ஜூன் 3 அன்று நிறுத்தியது. அன்று உலக சைக்கிள் தினம் என்பதுதான் சோகம். அந்தக் காலத்துச் சைக்கிள்கள் இனி எண்ணிக்கையில் குறையுமே தவிர, கூடாது.

இந்தத் தடயங்கள் எல்லாம் ஒரே ஒருமுறைதான் இருக்கும். உப்புத்தாள் போட்டுச் சுரண்டிவிட்டால் திரும்ப வராது. பெயின்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். பழசை எப்போது வேண்டுமானாலும் கொண்டுவர முடியாது. அதனால்தான் பழைய சைக்கிள் பிரியர்கள் மூன்றாவது வழி ஒன்றைச் சொல்கிறார்கள். துருவை முழுக்க எடுக்காமல், அதை வழுவழுப்பாக்கி, அப்படியே நிறுத்தி வைப்பது. பழம்பொருள் சேர்ப்பவர்கள் இந்த நாள்பட்ட நிறத்துக்கு ‘பேட்டினா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

துருவிலும் இரண்டு வகை

“துருவைக் காப்பாற்றுவதா? துரு இரும்பைத் தின்றுவிடாதா?” என்ற கேள்வி நியாயமானது. தின்னும். ஆனால் எல்லாத் துருவும் ஒரே மாதிரி தின்னாது.

இரும்பு, தண்ணீர், காற்றில் உள்ள ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு. புதிதாக வரும் துரு ஆரஞ்சு நிறத்தில், விரலால் தொட்டாலே பொடியாக ஒட்டிக்கொள்ளும். இரும்பைவிட இது அதிக இடத்தைப் பிடிக்கும் என்பதால் உப்பி, செதிலாகப் பெயர்ந்து விழும். விழுந்த இடத்தில் புது இரும்பு வெளியே தெரியும்; அதையும் ஈரம் பிடித்துக்கொள்ளும். இது தின்னும் துரு.

வருடக்கணக்கில் உலர்ந்து, அடர்ந்து, காபிக்கொட்டை நிறத்தில் இரும்போடு இறுக ஒட்டிக்கொண்டிருப்பது இன்னொரு வகை. விரலால் தேய்த்தால் பொடி வராது. ஈரமும் காற்றும் மேற்கொண்டு உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால், இது அப்படியே நிற்கும்.

துருவே இரும்புக்குக் கவசமான அதிசயமும் நம் நாட்டில் இருக்கிறது. டெல்லி குதுப்மினார் வளாகத்தில் நிற்கும் இரும்புத் தூண், குப்தர் காலத்தைச் சேர்ந்தது. வயது சுமார் 1,600 ஆண்டுகள், உயரம் 7 மீட்டருக்கு மேல், எடை 6 டன்னுக்கு மேல். மழையிலும் வெயிலிலும் நின்றும் கரையவில்லை. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர்.பாலசுப்ரமணியம் இதை ஆராய்ந்து காரணத்தைச் சொன்னார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேலே மிக மெல்லிய, அடர்த்தியான ஒரு படலம் உருவாகி இரும்பைக் காக்கிறது. பார்க்க வருகிறவர்கள் தூணைக் கட்டிப்பிடித்துத் தேய்த்ததில், அந்தப் படலம் கைபட்ட இடத்தில் மட்டும் தேய்ந்துபோனது. 1997-ல் சுற்றிலும் வேலி போட்டார்கள்.

தாத்தாவின் சைக்கிள் இரும்பில் அந்த அளவுக்குப் பாஸ்பரஸ் கிடையாது. அது தன்னைத் தானே காத்துக்கொள்ளாது. அந்தக் கவசத்தை நாம்தான் போட்டுவிட வேண்டும். மலையடிவாரத்துக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. கண்ணமங்கலம் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. உப்புக்காற்று இல்லை. சென்னையில் கடலோர வீட்டில் நின்ற சைக்கிளைவிட, இங்கே கொட்டகையில் நின்ற சைக்கிள் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

முதலில் நாடி பார்க்க வேண்டும்

வேலையில் இறங்குவதற்கு முன்பு, இந்த சைக்கிள் ஓடப்போகிறதா, வீட்டு முற்றத்தில் நிற்கப்போகிறதா என்று முடிவு செய்துகொள்வது நல்லது. ஓட்டுவதாக இருந்தால் அழகுக்கு முன்னால் உயிர் முக்கியம்.

சைக்கிள் ஃபிரேம் குழாயின் தடிமன் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. வெளியே அழகான பழுப்பு நிறம் இருந்தாலும் உள்ளே தண்ணீர் தேங்கி அரித்திருக்கலாம். ஒரு கரண்டியால் குழாய் நெடுக லேசாகத் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல இடத்தில் கணீரென்று ஒலிக்கும். அரித்த இடத்தில் சத்தம் மந்தமாகும். பெடல் கட்டை பொருந்தியிருக்கும் அடிப்பகுதி, சீட் கம்பி இறங்கும் குழாயின் வாய், முன் ஃபோர்க்கின் தோள்பட்டை, பின்சக்கர நட்டு மாட்டும் இடம் ஆகிய நான்கும் தண்ணீர் நிற்கும் இடங்கள். அங்கே ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். இரும்பு அமுங்கினாலோ, உதிர்ந்தாலோ, ஓட்டை விழுந்தாலோ அந்த சைக்கிள் ஓடக்கூடாது. அலங்காரமாக நிற்கட்டும், அதுவும் மரியாதைதான்.

ஓட்டப்போகும் சைக்கிளில் பிரேக் கட்டை, டயர், டியூப், செயின், ஸ்போக்ஸ், பால்ரஸ் ஆகியவற்றில் பழமை பார்க்கக்கூடாது. தேய்ந்ததை மாற்றியே ஆக வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டால் போதும். துருவின் அழகு ஃபிரேம், மட்கார்டு, கேரியர், செயின் கவர், ஸ்டாண்டு ஆகியவற்றோடு நின்றுவிட வேண்டும்.

வெயில், துணி, பொறுமை

வேலை தொடங்குவதற்கு நல்ல காலம் மாசி, பங்குனி. வேலூர் வெயிலைத் திட்டாதவர்கள் இந்த வட்டாரத்தில் கிடையாது. ஆனால் இந்த ஒரு வேலைக்கு அந்த வெயில்தான் பாதி உதவி. இரும்பின் இண்டு இடுக்கில் உள்ள ஈரம் முழுக்கக் காய வேண்டும். அதற்கு ஹீட்டர் எதுவும் தேவையில்லை.

கழற்றுவதற்கு முன்பு போனில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். இறுகிப்போன நட்டுகளில் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவைத்தால் பலம் போட்டு உடைக்க வேண்டியிருக்காது. பெடல் கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னை மட்டும் வீட்டில் சுத்தியலால் அடித்துப் பார்க்காமல், பழகிய சைக்கிள் கடைக்காரர் கையில் விடுவது நல்லது.

பிறகு குளியல். சாதாரண சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, சேறும் பழைய கிரீஸும் போனதும் வெயிலில் காயவைக்க வேண்டும். பித்தளைப் பாத்திரம் தேய்க்கும் பழக்கத்தில் புளியோ எலுமிச்சையோ வைத்துத் தேய்த்துவிடக் கூடாது. அமிலம் நல்ல துருவையும் சேர்த்துக் கரைத்து, வெள்ளிரும்பை வெளியே கொண்டுவந்துவிடும். சரியாகக் கழுவாவிட்டால், மறுநாளே புதிதாக ஆரஞ்சுத் துரு பூக்கும்.

அடுத்ததுதான் முக்கியமான கட்டம். உப்புத்தாளை உள்ளே வைத்துவிட்டு, மிக மெல்லிய இழைகள் உள்ள ஸ்டீல் வுல், அல்லது பித்தளை பிரஷ் எடுத்துக்கொள்ள வேண்டும். பாத்திரம் தேய்க்கும் முரட்டு இரும்பு நார் கோடு போட்டுவிடும். தேய்க்கும் இடத்தில் மெஷின் எண்ணெய் சில சொட்டு விட்டு, வட்டமாக, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். எண்ணெய் முதலில் ஆரஞ்சு நிறச் சேறாகும். அதைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எண்ணெய், மறுபடி தேய்ப்பு. துணியில் வரும் நிறம் ஆரஞ்சிலிருந்து பழுப்பாகி, கடைசியில் ஏறக்குறைய ஒன்றும் வராத நிலைக்கு வரும். விரலை ஓட்டிப் பார்த்தால் சொரசொரப்பு போயிருக்கும்.

அங்கே நிறுத்த வேண்டும். இந்த வேலையில் கை தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் உள்ள வித்தியாசம், எங்கே நிறுத்துவது என்பதில்தான் இருக்கிறது. இன்னும் நாலு தேய்ப்பு தேய்த்தால் இரும்பு பளிச்சென்று தெரிந்துவிடும். ஐம்பது வருட நிறம் போய்விடும்.

பெயர் எழுதிய இடம், கம்பெனிச் சின்னம், தங்கக் கோடு போட்ட இடம் ஆகியவற்றில் ஸ்டீல் வுல்லே படக்கூடாது. எண்ணெய் தொட்ட பருத்தித் துணி மட்டும் போதும். முலாம் பூசிய ஹேண்டில்பாருக்கு வேறொரு சுலபமான வழி உண்டு. சமையலறையில் சப்பாத்தி சுற்றும் அலுமினிய ஃபாயிலைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் புள்ளித் துரு கழன்று வரும். முலாமில் கீறல் விழாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை: அந்தக் காலத்து பெயின்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. எண்ணெயோடு ஈரமாகத் தேய்ப்பதன் இன்னொரு காரணம் அதுதான். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ள வேண்டும். சின்னக் குழந்தைகளைப் பக்கத்தில் விளையாட விடக்கூடாது.

மலை தரும் மருந்து

இனி கவசம். இங்கேதான் ஜவ்வாது மலை உள்ளே வருகிறது.

மலைவாழ் மக்கள் காட்டிலிருந்து சேகரித்துக் கீழே அனுப்பும் பொருட்களில் தேனும் புளியும் கடுக்காயும் முக்கியமானவை. கடுக்காய் என்றதும் நமக்குச் சித்த வைத்தியம் நினைவுக்கு வரும். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று இந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் தோலுக்குப் பெயர்போனவை. கடுக்காய் அந்தத் தொழிலுக்கும் மருந்து. காரணம், அதன் தோட்டில் நிறைந்திருக்கும் டானின் என்ற துவர்ப்புச் சத்து. தோலை அழுகாமல் பதப்படுத்துவது அதுதான்.

அந்த டானினுக்கு இரும்போடும் ஓர் உறவு உண்டு. இரண்டும் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் எழுத மை காய்ச்சினார்கள். கலம்காரித் துணியில் வரும் கறுப்புக் கோடும் இதே வித்தைதான். கடுக்காய் ஏற்றிய துணியில், வெல்லத் தண்ணீரில் இரும்புத் துண்டுகளை ஊறவைத்து எடுத்த நீரால் வரைகிறார்கள். கோடு கறுத்து நிற்கிறது. பழைய தோல் சீட்டில் ஆணி அடித்த இடத்தைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டம் தெரியுமே, அதுவும் தோலில் உள்ள டானினும் ஆணியின் இரும்பும் சந்தித்த இடம்தான்.

துருவில் டானின் பட்டாலும் இதுதான் நடக்கிறது. சிவந்த துரு, இரும்பு டானேட் என்ற நீலம் பாய்ந்த கறுப்புப் படலமாக மாறி, மேற்கொண்டு அரிப்பதை மட்டுப்படுத்துகிறது. உலகெங்கும் அருங்காட்சியகங்களில் பழைய இரும்புப் பொருட்களைப் பாதுகாக்க டானிக் அமிலத்தைப் பயன்படுத்துகிறார்கள். கடைகளில் ‘ரஸ்ட் கன்வெர்ட்டர்’ என்று விற்கும் புட்டிகள் பலவற்றிலும் இருப்பது இதே சரக்குதான். ஏமாற்றிவிட்டு நழுவுவதை ‘கடுக்காய் கொடுப்பது’ என்கிறோம். துருவுக்கு நிஜமாகவே கடுக்காய் கொடுக்கலாம்!

கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோட்டைப் பொடித்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் கொதிக்கவைத்து வடிகட்டினால் கஷாயம் தயார். எண்ணெய்ப் பசை இருந்தால் இரும்பில் ஒட்டாது என்பதால், பூசப்போகும் இடத்தைச் சோப்பு நீரால் துடைத்துக் காயவைத்துவிட்டு, பிரஷ்ஷால் மெல்லப் பூச வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே துரு கறுக்கத் தொடங்கும். காய்ந்ததும் ஈரத்துணியால் துடைத்து, மீண்டும் ஒருமுறை பூசலாம். வீட்டுக் கஷாயத்தின் வீரியம் ஒரே சீராக இருக்காது. அதனால் மட்கார்டின் உள்பக்கம் போல, கண்ணில் படாத இடத்தில் முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடுக்காய் போட்டால் பழுப்பு நிறம் போய்க் கறுப்பு நிறம் வரும். அந்தக் காபிக்கொட்டை நிறம்தான் வேண்டும் என்றால், வெளியே கடுக்காய் வேண்டாம். மட்கார்டின் அடிப்பக்கம், கேரியரின் அடிப்பக்கம், பொடித்துரு அதிகம் இருந்த மூட்டுகள் என்று அதிகம் அரிக்கும் மறைவிடங்களுக்கு மட்டும் கடுக்காயை வைத்துக்கொண்டு, கண்ணில் படும் இடங்களை எண்ணெய்க்கும் மெழுகுக்கும் விட்டுவிடலாம்.

எண்ணெயும் தேன்மெழுகும்

எண்ணெய் என்றதும் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துவிட வேண்டாம். அது காய்ந்து இறுகாது. பிசுபிசுவென்று தூசியைத்தான் சேர்க்கும். இதற்கு வேண்டியது பெயின்ட் கடையில் கிடைக்கும் ‘பாயில்டு லின்சீட் ஆயில்’, அதாவது ஆளிவிதை எண்ணெயிலிருந்து வருவது. இது காற்றுப்பட்டால் மெல்லிய தோலாக இறுகிவிடும்.

சைக்கிளை அரைமணி நேரம் வெயிலில் நிறுத்தினால் இரும்பு சூடேறும். உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, துணியில் எண்ணெய் தொட்டு மெல்லியதாகப் பூச வேண்டும். துருவின் நுண்துளைகள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், நிறம் ஆழமாகும். மழையில் நனைந்த செம்மண் போல ஒரு நிறம் வரும். கால் மணி நேரம் கழித்து மிச்ச எண்ணெயை ஒரு பொட்டுக்கூட விடாமல் துடைத்துவிட வேண்டும். தடிமனாக விட்டால் மஞ்சளாகப் பிசுக்குப் பிடித்துவிடும். ஓரிரு நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை பூசினால் போதும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளியாகும்; சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. துணியை முழுசாக விரித்துத் திறந்த வெளியில் காயப்போட வேண்டும். அல்லது தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போட வேண்டும்.

எண்ணெய் நன்றாக இறுக ஒரு வாரம் விட்டு, கடைசியாக மெழுகு. தேன்மெழுகு ஒரு பங்கு, டர்பன்டைன் மூன்று பங்கு. டர்பன்டைன் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி வெளியே கொண்டுவந்து, அதில் டப்பாவை வைத்தால் துருவிய மெழுகு தானாகவே இளகிக் கலந்துவிடும். ஆறினால் வெண்ணெய் பதம். அதை மெல்லியதாகத் தேய்த்து, காய்ந்ததும் சுத்தமான துணியால் மெருகேற்றினால், தண்ணீர் பட்டால் முத்துமுத்தாக உருண்டு ஓடும்.

ஓர் இடத்தில் மட்டும் எண்ணெயும் மெழுகும் படவே கூடாது. சக்கர ரிம்மில் பிரேக் கட்டை பிடிக்கும் பகுதி அது. அங்கே வழுக்கினால் அழகு பார்க்க ஆள் இருக்காது. தோல் சீட்டுக்கும் ஆளிவிதை எண்ணெய் வேண்டாம். தோலுக்கென்று விற்கும் மெழுகை மெல்லப் பூசினால், வெடித்த தோல் மேலும் வெடிக்காமல் நிற்கும்.

ஓட்டிப் பார்க்க ஒரு பாதை

இவ்வளவும் செய்து முடித்த சைக்கிள் புதியது போல இருக்காது. இருக்கவும் கூடாது. பழையதாகவே இருக்கும், ஆனால் கவனித்துக்கொள்ள ஆள் இருக்கும் பழையதாகத் தெரியும். தொட்டால் கையில் துரு ஒட்டாது. செயின் கவரில் எழுதிய பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கலாம்.

ஓட்டிப் பார்க்க நினைப்பவர்கள் திருவண்ணாமலை சாலையைத் தவிர்ப்பது நல்லது. லாரியும் பேருந்தும் அதிகம். படவேடு, அமிர்தி பக்கம் பிரிந்து போகும் கிராமத்துச் சாலைகளில் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் ஒரு சுற்றுப் போய்வரலாம். வயலும் தென்னந்தோப்பும் ஏரிக்கரையும் கடந்து, எதிரே மலையைப் பார்த்துக்கொண்டே மிதிக்கும் பாதை. கியர் இல்லாத கனமான சைக்கிள் என்பதால், மலை மேலே ஜமுனாமரத்தூர்வரை ஏற்ற ஆசைப்படக் கூடாது. ராடு பிரேக் மலை இறக்கத்துக்கு ஏற்றதும் இல்லை. அடிவாரத்தோடு திரும்பிவிட வேண்டும்.

அதன் பிறகு பெரிய பராமரிப்பு எதுவும் கிடையாது. மழையில் நனைந்தால் அன்றைக்கே உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். மண்தரையில் நேராக நிறுத்தாமல், இரண்டு செங்கல் மேலோ பலகை மேலோ நிறுத்தினால் அடியிலிருந்து ஈரம் ஏறாது. பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்து மறுபடி துருப்பிடிக்கும்; பழைய பருத்திப் போர்வை போதும். ஆடி மழைக்கு முன்னால் ஒருமுறை, ஐப்பசி அடைமழைக்கு முன்னால் ஒருமுறை மெழுகு பூசிவிட்டால், அந்த வருடத்தைத் தாண்டிவிடும். எங்காவது ஆரஞ்சுப் புள்ளி எட்டிப் பார்த்தால், அந்த இடத்தை மட்டும் எண்ணெய் விட்டுத் தேய்த்து மெழுகு போட்டால் சரியாகிவிடும்.

செலவு என்று பார்த்தால் எண்ணெய், மெழுகு, ஸ்டீல் வுல், கொஞ்சம் கடுக்காய், அவ்வளவுதான். நேரம்தான் அதிகம் பிடிக்கும். ஒரு கோடை விடுமுறை முழுக்கக்கூட ஆகலாம். அந்த விடுமுறையில், “இந்தப் பள்ளம் எப்படித் தாத்தா விழுந்தது?” என்று பேரன் கேட்பான். பதில் சொல்லத் தாத்தா பக்கத்தில் இருக்கிற வீடாக இருந்தால், காயலான் கடைக்காரர் அடுத்த முறை வரும்போது தைரியமாக ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிடலாம்.